வேலையை விட்டவன் விடுதலை பெற்றவனா?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எமது பாட்டன்மாரின் வாக்கு. கவர்மெண்ட் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் ஊர் வாயில் பட்ட பாடுதான் கோறணமேந்து. மாதம் முடியச் சம்பளம், முதுமையில் பென்சன், ஊருக்குள் ஒரு மதிப்பு என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தன. மகனைப் படிப்பித்ததும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான். 1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய பின் அந்த வாசல் எமக்கு ஒடுங்கத் தொடங்கியது. ஆனால் ஆசை ஒடுங்கவில்லை. அரசாங்கக் கந்தோர் இல்லையென்றால் ஒரு கம்பனிக் கந்தோர். எங்கேயாவது ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தால் போதும் என்றிருந்தோம்.

அந்த மேசையையும் கதிரையையும் தாமாகவே விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். "இனி நான் ஒருவனுக்கும் கீழே இல்லை" என்று அவர்கள் சொல்லும்போது அவர்களுடைய முகத்தில் ஓர் ஒளி தெரிகிறது. அந்த ஒளி உண்மையானதா? உண்மையானதென்றால் எவ்வளவு காலம் நிற்கும்? வேலையை விட்டவன் உண்மையிலேயே விடுதலை பெற்றவனா? இந்தக் கேள்வியைச் சற்று ஆறுதலாக இருந்து சிந்திப்போம்.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் தனியார் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். காலை எட்டரை மணிக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவன் நல்லவன். கீழே வைத்தவன் காரணம் சொல்ல வேண்டியவன். 2017ஆம் ஆண்டு தை மாதத்தில், தமது நாற்பத்திரண்டாவது வயதில், அவர் அந்த வேலையை விட்டார். வீட்டின் முன் விறாந்தையை அடைத்து, பழைய அச்சியந்திரம் ஒன்றும் கடதாசி வெட்டும் இயந்திரம் ஒன்றும் வாங்கிப் போட்டு, சிறியதோர் அச்சகத்தைத் தொடங்கினார். கலியாணக் காட், பற்றுச்சீட்டுப் புத்தகம், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்பவைதாம் அவருடைய வேலைகள்.

முதல் திங்கட்கிழமையைப் பற்றி அவர் சொன்னது இன்றும் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது. வழக்கம்போல அவதிப்பட்டு எழும்பி, காற்சட்டையைத் தேடினாராம். அதன் பிறகுதான் போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததாம். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் கதிரையைப் போட்டு, தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரை அப்படியே இருந்தாராம். ஒழுங்கையால் சயிக்கிளில் ஓடுகிறவர்களைப் பார்த்து, "எட்டரைக்கு இன்றைக்கு என்னைத் தேட ஒருவரும் இல்லை" என்று தமக்குள்ளே சொல்லிக் கொண்டாராம். "பதினெட்டு வருசம் நெஞ்சில் ஒரு கல் இருந்தது. அது இறங்கின பிறகுதான் அது இருந்ததே எனக்குத் தெரிந்தது" என்றார்.

இந்த உணர்ச்சி புதியதன்று. ஆங்கிலக் கட்டுரையாளர் சாள்ஸ் லாம் 1792ஆம் ஆண்டில், பதினேழு வயதில், லண்டனிலே கிழக்கிந்தியக் கம்பனியின் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். முப்பத்துமூன்று ஆண்டுகள் அங்கே பேரேடு எழுதிவிட்டு 1825இல் ஓய்வூதியத்துடன் விலகினார். அந்த ஆண்டிலேயே அவ்வனுபவத்தை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். முதல் நாட்களில், நெடுங்காலம் அடைபட்டிருந்த கைதி திடீரென வெளியே விடப்பட்டதுபோலத் தடுமாறியதாகச் சொல்கிறார். பிறகு திங்களுக்கும் வெள்ளிக்கும் வேறுபாடு தெரியாமல் எல்லா நாளும் ஒன்றாகிவிட்டனவாம். ஒருநாள் பழைய கந்தோருக்குப் போய், தமது மேசையில் வேறொருவர் இருப்பதைக் கண்டு மனம் சங்கடப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை.

லாம் பெற்றது ஓய்வு. சம்பளம் நின்ற இடத்தில் ஓய்வூதியம் வந்தது. எமது நண்பருக்கோ நின்ற சம்பளத்தின் இடத்தில் வந்தது ஒன்றுமில்லை. இருந்தும் அந்த முதல் திங்கட்கிழமையின் மகிழ்ச்சி இருவருக்கும் பொதுவானது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பல்வலி நின்றவனின் மகிழ்ச்சி பொய்யாகுமா? ஆனால் பல்வலி நின்றதனால் மட்டும் ஒருவன் பசியாறிவிட்டான் என்று சொல்ல முடியாது.

விடுதலைக்கு இரண்டு பக்கம் உண்டு. எதிலிருந்து விடுதலை என்பது ஒரு பக்கம். எதற்காக விடுதலை என்பது மற்றப் பக்கம். 1958ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஐசாயா பேர்லின் என்ற அறிஞர் ஆற்றிய உரையொன்று இதைப் பற்றியது. பிறர் என்னைத் தடுக்காதிருப்பது ஒரு வகைச் சுதந்திரம், என்னை நானே ஆளுவது இன்னொரு வகைச் சுதந்திரம் என்று அவர் பிரித்துக் காட்டினார். அவர் பேசியது நாடுகளையும் ஆட்சிகளையும் பற்றி. ஆனால் அந்தப் பிரிவு எங்கள் வீட்டு முற்றத்துக்கும் பொருந்துகிறது. வேப்பமரத்தின் கீழ் இருந்தவருக்கு முதலாவது கிடைத்துவிட்டது. இரண்டாவதை அவர் இனித்தான் தேடவேண்டியிருந்தது.

வேலையை விட்டவன் முதலாளியை மட்டும் விட்டு வருவதில்லை. முதலாளியிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய சட்டத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வேலைக்கு எல்லை போட்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 கட்ட, வேலை கொடுப்பவர் நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். 1980இல் வந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலை கொடுப்பவர் மேலும் 3 கட்டவேண்டும். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் உழைத்தவர் விலகும்போது ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகப் பெறுவார். இவையெல்லாம் தொழிலாளர் பலர் பாடுபட்டுப் பெற்ற வேலிகள். தன்னைத் தானே வேலைக்கு வைத்திருப்பவனுக்கு இந்த வேலி ஒன்றும் இல்லை. அவன் இரவு பன்னிரண்டு மணி வரை தன்னிடம் வேலை வாங்கினால், அவன்மேல் வழக்குப் போட ஒருவரும் இல்லை.

அத்துடன், ஒரு முதலாளி போன இடத்தில் பலர் வந்து சேர்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர், கடன் தந்தவர் ஒருவர், சந்தை விலை இன்னொருவர், காலநிலை வேறொருவர். இதை எமது பகுதி மக்கள் கண்ணாற் கண்டிருக்கிறார்கள். 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் வெளிநாட்டுப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது. கந்தோர் வேலைக்குக் காத்திருந்த படித்த இளைஞர்கள் பலர் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற வன்னி நிலங்களில் இறங்கித் தோட்டம் செய்தார்கள். மண்ணில் கை வைத்தவன் ஒருவனுக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்ற நிமிர்வு அந்தக் காலத்தில் பிறந்தது. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க, விலை விழுந்தது. தோட்டக்காரன் ஒரு பிழையும் செய்யவில்லை. முதல் நாள் பிடித்த அதே மண்வெட்டியைத்தான் மறுநாளும் பிடித்தான். ஆனாலும் கொழும்பில் எடுத்த ஒரு தீர்மானம் அவனுடைய அடுப்பு வரை வந்தது. தன் கையை நம்பியிருப்பவனும் பிறர் கைகளில் தங்கியிருக்கிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரும் இந்த எசமான்களைவிடக் கடுமையான ஒருவர் உள்ளே இருக்கிறார். அவருடைய பெயர் பயம். நாளைக்கு வேலை வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எமது நண்பர் அச்சகம் தொடங்கிய முதல் ஆண்டில் வந்த வேலை ஒன்றையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மரண அறிவித்தல் என்றால் நேரம் பார்க்க முடியாது. பின்னேரம் கொண்டு வந்தால் விடியுமுன் கொடுக்க வேண்டும். ஆனால் ஆறுதலாகச் செய்யக்கூடிய பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் அவர் மரண அறிவித்தல் போலவே அவதிப்பட்டுச் செய்தார். பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இயந்திரச் சத்தம் கேட்டது. ஒருநாள் இரவு, மூன்றாம் முறை சாப்பாட்டைச் சூடாக்கிக் கொண்டு வந்த அவருடைய மனைவி சொன்னாராம்: "இஞ்சருங்கோ, முந்தி இருந்த துரை உங்களை அஞ்சு மணிக்காவது வீட்டுக்கு விட்டவர். இப்ப இருக்கிற துரை பத்து மணிக்கும் விடுறார் இல்லை."

அந்தச் சொல் தம்மைச் சுட்டது என்று நண்பர் என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் அவரை உண்மையில் நிறுத்தியது வேறொன்று.

அச்சகத்தில் கடதாசி மடிக்கவும் புத்தகம் கட்டவும் பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவனை அவர் வைத்திருந்தார். கெட்டிக்காரன், வாய் பேசாதவன். ஒருநாள் அவன் வந்து, தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நாளைக்கு ஒருநாள் லீவு தரமுடியுமா அண்ணை என்று கேட்டான். நினைவு மலர் ஒன்று அவசரமாக முடிக்க வேண்டியிருந்த நேரம் அது. "நீ போனால் இஞ்சை வேலையை ஆர் பாக்கிறது?" என்று நண்பர் கேட்டார். பொடியன் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்க் கடதாசி மடிக்கத் தொடங்கினான்.

அந்தக் கேள்வி அவருடையதன்று. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது, லீவு கேட்டு நின்ற அவரிடம் கந்தோர் முகாமையாளர் கேட்ட அதே கேள்வி. சொல் மாறவில்லை, குரலின் வேகமும் மாறவில்லை. எந்த மனிதரிடமிருந்து தப்பி ஓடிவந்தாரோ, அந்த மனிதர் தமது வாய்க்குள் இருந்து பேசுவதை அன்றைக்கு அவர் கேட்டார்.

அன்றிரவு அவர் இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தாராம். பழைய நிறுவனம் சேமலாப நிதிப் பணத்தைக் காலத்துக்குக் காலம் கட்டுவதில்லை என்று எத்தனையோ தரம் குறைப்பட்டவர் அவர். ஒரேயொரு ஆளை வேலைக்கு வைத்தாலும் அந்தப் பணம் கட்ட வேண்டும் என்பது, கணக்கு எழுதிய அவருக்குத் தெரியாததன்று. ஆனால் பொடியன் வந்து ஓராண்டாகியும் அவனுடைய பெயரை அவர் பதியவில்லை. "தொழில் கொஞ்சம் நிமிரட்டும்" என்று தள்ளிப் போட்டிருந்தார். பழைய முதலாளியும் இதைத்தானே சொல்லியிருப்பார்!

வாசகர்களே, வேலையை விட்டவனுடைய விடுதலை சோதிக்கப்படும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எனக்கு மேலே ஒருவன் இல்லை என்பதை வைத்து என் சுதந்திரத்தை அளக்க முடியாது. எனக்குக் கீழே ஒருவன் வந்தபோது நான் எப்படி நடக்கிறேன் என்பதுதான் அளவுகோல். அடிமைத்தனத்தை வெறுத்தவனா, அல்லது அடிமையாக இருந்ததை மட்டும் வெறுத்தவனா என்பது அங்கேதான் தெரியவரும். அடிமையாக இருந்ததை மட்டும் வெறுத்தவன் கதிரை மாறி இருக்கிறான், அவ்வளவுதான். கந்தோரில் அந்தப் பக்கம் இருந்தவன் இப்போது இந்தப் பக்கம் இருக்கிறான். மேசை அதே மேசை.

பயத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பொடியனுக்கு லீவு கொடுக்க அவர் மறுத்தது கல்நெஞ்சினால் அன்று. ஒரு வேலை பிந்தினால் அடுத்த வேலை வராது என்ற பயத்தினால். எங்களில் பலர் பிறருக்குச் செய்யும் கொடுமைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. பயந்தவன் தன் பயத்தைத் தனக்குக் கீழே உள்ளவன் தலையில் இறக்கி வைக்கிறான். அவன் தன் வீட்டிலுள்ள சிறியவனின் தலையில் அதை இறக்குவான். இப்படி இறங்கிக்கொண்டு போகும் சுமையை ஓரிடத்தில் ஒருவன் நிறுத்தி, "இது என்னோடு நிற்கட்டும்" என்று சொன்னால், அவனைத்தான் சுதந்திர மனிதன் என்பேன்.

தொழிலாளியாகவும் தனக்குத் தானே எசமானாகவும் வாழ்ந்த ஒருவரை நாம் அறிவோம். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிசில்லா என்ற தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்தார். எவருக்கும் பாரமாக இராமல் தம் கையால் உழைப்பதைப் பெருமையாகக் கொண்டவர் அவர். ஆனால் எவருக்கும் கட்டுப்படாத தாம் எல்லாருக்கும் தம்மை ஊழியனாக்கிக் கொண்டதாக அவர் அந்நகர மக்களுக்கு எழுதினார். அவர் தேடிய சுதந்திரம் கைகளைக் கட்டி வைத்திருக்கவில்லை. பிறருக்காக அவற்றை நீட்டியது.

இதைச் சொல்வதால், வேலையை விடாதீர்கள் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். மனிதனின் மதிப்பை நாளாந்தம் தேய்க்கும் வேலைகள் உண்டு. பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் வேலைகளும் உண்டு. அவற்றை விட்டு வருவது சில வேளைகளில் கடமை. அதேபோல, வேலையில் இருப்பவரெல்லாம் அடிமைகள் என்று நினைப்பதும் தவறு. இரவு நேரக் கடமையில் நோயாளிக்குத் தண்ணீர் பருக்கும் தாதியும், மெல்லப் படிக்கும் பிள்ளைக்காகப் பள்ளி விட்ட பிறகும் நிற்கும் ஆசிரியரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள்தான். அவர்களுடைய சுதந்திரத்தை எந்த வரவு இடாப்பும் எடுத்துவிட முடியாது.

ஆனால் விட்டு வருகிறவர் சிலவற்றை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி பல வீடுகளின் வாசலுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் சென்று உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேறு தொழில் பார்க்கலாம் என்று அரசாங்கமே ஜூன் மாதத்தில் சுற்றறிக்கை விடுத்தது. கோறணமேந்தே கோழி மேய்ப்பவரைப் பார்த்து, "வெளியே போய் மேய்த்துப் பார்" என்று சொன்ன காலம் அது. அப்படி வெளியே போக எண்ணும் ஒருவர் முதலில் மனைவி மக்களோடு இருந்து பேசவேண்டும். ஏனெனில் விடுதலை ஒருவருக்கு, அதற்கான விலை முழுக் குடும்பத்துக்கும். பிள்ளையின் ரியூசன் காசும், சீட்டுக் காசும், அடைவு வைத்த காப்பும் அந்த விலையில் அடங்கும். தம்மைக் கேளாமல் எடுத்த தீர்மானத்துக்கு வீட்டார் விலை கொடுக்க நேர்ந்தால், அது ஒருவரின் விடுதலையும் மற்றவர்களின் சிறையும் ஆகிவிடும். அடுத்து, எந்த நேரத்தில் கதவைப் பூட்டுவேன் என்பதைத் தொடங்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். பூட்டத் தெரியாத கடைக்குச் சொந்தக்காரன் கடைக்காரன் அல்லன். கடைதான் அவனுக்குச் சொந்தக்காரன்.

எமது நண்பருக்கு வருவோம். மறுநாள் விடிய அவர் பொடியனின் வீட்டுக்குச் சயிக்கிளில் போய், "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ தம்பி, நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். நினைவு மலர் ஒருநாள் பிந்தியது. கொடுத்தவர் கோபித்தார், அந்த வாடிக்கை பிறகு திரும்பி வரவில்லை. நல்லதைச் செய்தால் நட்டம் வராது என்று சொல்ல நான் முன்வரமாட்டேன். வந்தது. அந்த மாதமே பொடியனுடைய பெயரையும் சேமலாப நிதிக்குப் பதிந்தார்.

2022 வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டினால் மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. கடதாசியும் இல்லை, கறண்டும் இல்லை என்றால் அச்சகம் எதற்கு? பொடியனை ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம். நண்பர் கணக்குப் புத்தகத்தை எடுத்து அவன்முன் விரித்து வைத்தார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, அரைச் சம்பளத்துக்கு மேல் என்னால் முடியாது, நீயே சொல் என்றார். அவன் மூன்று மாதம் மேசன் வேலைக்குக் கையாளாகப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்தான். பதினெட்டு வருசம் கணக்கு எழுதிய இடத்தில் ஒருநாளாவது தமக்கு எவரும் அப்படிப் புத்தகத்தை விரித்துக் காட்டியதில்லை என்று நண்பர் சொன்னார்.

இப்போது அச்சகக் கதவில் ஒரு மட்டை தொங்குகிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டப்படும், ஞாயிறு பூட்டு என்று எழுதியிருக்கிறது. மரண அறிவித்தல் வந்தால் மட்டும் எந்த நேரத்திலும் திறப்பார். அன்றைக்கு இயந்திரத்தில் நிற்பவர் அவரே. பொடியனுக்கு ஆளனுப்புவதில்லை.

வேப்பமரத்தின் கீழ் இருந்த அந்த முதல் திங்கட்கிழமையைப் பற்றி அண்மையில் அவரிடம் கேட்டேன். அது நல்ல நாள்தான் என்றார். ஆனால் தாம் விடுதலை பெற்ற நாள் எது என்று கேட்டால், பொடியனின் வீட்டுப் படலையில் சயிக்கிளை நிறுத்திய நாளைத்தான் சொல்வாராம்.